பெட்டைக்கோழி மாடி

டத்தோ கிராமாட் சடக்கில்
கோப்பிக் கடைக்கு மேலே எங்கள் மாடி.
கீழே உட்கார்ந்தவர்கள் வைத்த பெயர் இது.
பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்று
ஒருவர் கேட்பார், இன்னொருவர் சிரிப்பார்,
சூடு பொறுக்காமல் தட்டில் ஊற்றி ஊதுவார்கள்.
விடிகிறதா இல்லையா என்று
நேசமலரைக் கேட்டிருக்கலாம்.
பெரியாஸ்பத்திரியில் இரவு வேலை அவளுக்கு.
எங்கள் சடக்கின் எல்லா விடியலும்
அவள் சைக்கிள் மணிக்குப் பிறகுதான் வந்தது.

மூன்று அறை, ஒன்பது பேர், ஒரு தையல் மிஷின்.
மிஷின் என்னுடையது.
சனிக்கிழமை ராத்திரி பலகைச் சன்னலைச் சாத்திவிட்டு
அடுப்புக்கரியால் மீசை வரைந்துகொள்வாள் காத்தாயி.
ஜப்பான்காரன் காலத்தில் துப்பாக்கி தூக்கியவள்,
இப்போது பிஸ்கட் பேக்டரியில் தகரம் மூடுகிறாள்.
அவள் லெப்ட் ரைட் போடப் போட
கீழே யாருடைய கோப்பியிலோ தூசு விழும்.
எங்களுக்கு அதுதான் திருவிழா.
எதற்கும் நாங்கள் பெயர் வைக்கவில்லை.
இரண்டு பாய் விரித்தால்
ஒன்று சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் பவளக்கொடி செத்தாள்.
பதினொரு வருஷம் எட்டிப் பார்க்காத அண்ணன்
சுங்கைப் பட்டாணியிலிருந்து லாரியோடு வந்தார்.
உடம்பு, சங்கிலி, குடை,
எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டு ஏற்றினார்.
சவக்கிடங்கு வாசலில் குப்பாச்சியை
நீ என்ன உறவு என்று கேட்டார்கள்.
சேதி வருமுன்னே கிளம்பியவள்,
கையில் தூக்குச்சட்டி, அதில் கஞ்சி.
கஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

வழி சொன்னது ஆ சூன்.
பின்சந்தில் இருந்தது ஆமாக்கள் வீடு,
கல்யாணம் வேண்டாமென்று சத்தியம் செய்து
கொண்டை முடிந்தவர்கள்.
செத்த சகோதரிகளின் படம் அவர்கள் சுவரிலேயே,
ஊதுபத்தி அவர்கள் காசிலேயே.
பாதி மலாய், பாதி கைஜாடையில் சொன்னாள்:
பணம் சேர். தாள் எழுது. முத்திரை வாங்கு.
அழுவது அப்புறம்.

மாதம் இரண்டு வெள்ளி.
விடியல் மரணச் சகாய நிதி.
பெயரிலிருந்த குத்தல் கிராணிக்குப் புரியவில்லை,
நாலாம் விதிதான் உறுத்தியது:
உறுப்பினர் எழுதிக் கொடுத்த ஆளுக்கே
பிரேதத்தின் மேல் பொறுப்பு.
தோழி என்பதை அடித்து
சகோதரி என்று எழுதித் திருப்பினார்.
தோழி என்று மறுபடி எழுதினோம்.
மூன்று தடவை.
மூன்று தடவையும் காத்தாயி
இஸ்திரி போட்ட சட்டையில் போய்
அவர் மேசைமுன் விறைப்பாக நின்றாள்.
நாலாம் தடவை அவருக்கு ஈப்போவுக்கு மாற்றல்.
புதிதாக வந்தவர் படிக்காமலே முத்திரை குத்தினார்.
வெளியே வந்து
ஆளுக்கொரு ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம்.

முதல் மாதமே முப்பத்தொரு பேர்.
ஆயர் ஈத்தாமிலிருந்து, பாயான் லெப்பாசிலிருந்து,
படகேறி பட்டர்வொர்த்திலிருந்து
நனைந்த செருப்போடு படியேறி வந்தார்கள்.
எங்கேயடி இருந்தீர்கள் இத்தனை நாளும்?
உறவு என்ற கட்டத்தில்
ஒருத்தி தோழி என்றாள்,
ஒருத்தி கூட இருக்கிறவள் என்றாள்,
ஒருத்தி எழுதி, அடித்து, பிறகு எழுதினாள்.
குப்பாச்சி பவளக்கொடி என்றாள்.
செத்தவளை எழுதக்கூடாதம்மா என்றேன்.
மைப்பெட்டியை இழுத்து
அந்தக் கட்டத்தில் கட்டைவிரலை
உருட்டி அழுத்திவிட்டுப் போனாள்.

ஐம்பத்தெட்டில் காத்தாயிக்குத் தந்தி.
தாய் சாகக் கிடக்கிறாள், உடனே வா.
ரஜூலா கப்பல், நாகப்பட்டினம்.
இறங்கினதும் கடிதம் போடுகிறேன் என்றாள்.
கரித்துண்டு இன்னும் சன்னல் விளிம்பில் இருக்கிறது.

மூன்று மாதம் பணம் கட்டாதவர்
பெயர் நீக்கப்படும், ஏழாம் விதி.
அதை எழுதியது நான்தான்.
கணக்கு வைத்திருப்பதும் நான்தான்.
இன்று முதல் தேதி.
மிஷின் இழுப்பறையிலிருந்து
நாலு வெள்ளி எடுத்து வைத்தேன்.